சவேரியார்பட்டி பாஸ்கா மெட்டு

சினிமாக்காரர்கள் எங்கள் பாஸ்கா பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று சவேரியார்பட்டியில் பாதிப் பேர் இன்றைக்கும் அடித்துச் சொல்வார்கள். ஆவூருக்குப் பக்கத்து ஊர் அது. பெரிய வெள்ளியன்று சாயங்காலம் இயேசுவின் பாடுகளை ஊரே கூடி நடித்துக் காட்டும். அந்த நாடகத்துக்குத்தான் பாஸ்கா என்று பேர். சிலுவையைத் தூக்கி நிறுத்துகிற நேரத்தில் ஒரு வயலின் வரும். வந்ததுதான் தாமதம், மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிடுவார்கள். வருசா வருசம் அதே வயலின், அதே அழுகை.

ஒரு நாள் மத்தியானம், கட்டுமாவடி மீனை வாங்கித் தெருத்தெருவாக விற்கிற பொன்னுத்தாய் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய படம். அதில் அப்பன்காரன் சாகிறான். அந்த வயலின் வருகிறது. பொன்னுத்தாய்க்கு வந்ததே கோபம். கையிலிருந்த அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்.

"ஏ ஆரோக்கியம், நம்ம பாஸ்கா பாட்ட சினிமாவுல எடுத்துட்டாய்ங்கப்பா. கேக்க ஆளில்லைன்னு நெனச்சுட்டாய்ங்களா?"

எதிர் வீட்டு வாசலில் குழாய் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியமுத்து, சிரிப்பை உள்ளேயே விழுங்கிக்கொண்டு, "கேப்போம் சின்னாத்தா, விட்ருவமா?" என்றார்.

கேட்டால் மாட்டுவது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அந்தப் படத்திலிருந்து அந்த வயலினை எடுத்தவரே அவர்தான். கேசட் காலத்தில், லூர்து மைக் செட் என்று போர்டு மாட்டித் தொழில் தொடங்கிய புதிதில், திருச்சிக்குப் போய் அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்து, அதன் கதை வசனக் கேசட்டையும் தேடி வாங்கி வந்து, வேண்டிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பதிந்து ஒட்டினார். படம் ஓடவில்லை. ஊரில் யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. அதனால் வயலின் பாஸ்காவுக்கே பிறந்ததாக ஆகிவிட்டது. ஊரில் பிறந்து வளர்ந்து கல்யாணம் முடித்த பிள்ளைகள்கூட அதை ஆண்டவரின் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வயலின் மட்டுமா? கெத்சமனித் தோட்டத்துக்கு ஒரு பேய்ப்படம். பிலாத்து வருவதற்கு ஒரு ராஜா ராணிப் படம். சாட்டையடிக்கு ஒரு சண்டைப் படம். யூதாஸ் வருகிற இடத்துக்குப் போட்டது ஒரு நகைச்சுவை நடிகரின் இசை, வேகத்தைக் குறைத்துப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆரோக்கியமுத்துவுக்கு இதிலெல்லாம் கை அப்படி ஓடும். சின்ன வயதில் கோவில் பாடற்குழுவில் ஹார்மோனியம் வாசித்தவர். எந்தக் காட்சிக்கு எது ஒட்டும் என்று காது சொல்லிவிடும். சிலுவையோடு விழுகிறவன் எழுந்திருக்க எத்தனை மூச்சு பிடிக்கும் என்பதைக்கூட அவர் அறிவார். விழுந்தவன் எழும்போது மேளம் சரியாக எழும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்தான். ஆண்டவருக்குத்தானே போடுகிறோம், ஆண்டவர் கோவித்துக்கொள்ளவா போகிறார் என்று நிம்மதியாக இருந்தார்.

ஆண்டவர் கோவித்துக்கொள்ளவில்லை. இன்டர்நெட் கோவித்துக்கொண்டது.

போன வருசம் முதன்முதலாகப் பாஸ்காவை நேரலையில் போட்டார்கள். ஆரோக்கியமுத்துவின் மகள் சோபியாதான் ஏற்பாடு. கம்ப்யூட்டர் படித்த பெண். குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் லீவு சொல்லிவிட்டு, அறைக்கு அறை கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். யூதாஸ் வந்தான், சத்தம் போச்சு. சாட்டையடி நடந்தது, சத்தம் போச்சு. சிலுவை மேலே எழும்பியது, வாய் அசைகிறது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. இந்த இசை இன்னாருக்குச் சொந்தம் என்று இங்கிலீசில் ஒரு அறிவிப்புதான் கீழே வந்து நின்றது. மறுநாள் விடிந்ததிலிருந்து போன். "ஆண்டவர் கடைசியா என்ன சொன்னாருன்னே கேக்கலண்ணே" என்று குவைத்திலிருந்து ஒருவன் அழாத குறையாகப் பேசினான்.

ஈஸ்டர் முடிந்ததும் பாஸ்கா கமிட்டி கூடியது. தலைவர் அருள்தாஸ் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊர்ப் பெரிய மனுசர், நல்ல மனுசர், ஆனால் நாக்கில் பிரம்பு வைத்திருப்பவர்.

"ஆரோக்கியம், இம்புட்டு நாளா நீ போட்டதெல்லாம் திருட்டு மெட்டாப்பா? சினிமாவுல சுட்டு ஆண்டவர் பேருல போட்டா, திருட்டு புண்ணியமாயிருமா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆரோக்கியமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. திருட்டு என்ற சொல்லை அவரைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் மைக் கட்டப் போனால் கழற்றி வைத்த நகைக்கே அவரைக் காவல் வைப்பார்கள். அப்பேர்ப்பட்டவரை.

"திருச்சியில ஒரு ஸ்டூடியோ இருக்கு. அவங்களே மியூசிக் போட்டு, ஆளையும் அனுப்பி ஓட்டிக் குடுத்துருவாங்க. அடுத்த வருசம் அவங்களுக்குக் குடுத்துரலாம்" என்றார் அருள்தாஸ்.

அப்படியென்றால் பெரிய வெள்ளியன்று ஆரோக்கியமுத்து வேட்டியை மடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாய் நிற்க வேண்டும். யாரோ ஒருவன் அவர் இடத்தில் உட்கார்ந்து அவர் ஊரின் சிலுவையைத் தூக்குவான். எழுந்து நின்றுவிட்டார்.

"சார், அடுத்த வருசம் ஒரு துண்டு சினிமா இருக்காது. நானே போட்டுத் தாரேன்."

"நீ என்ன மியூசிக் டைரக்டரா?"

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். ஆனாலும் அருள்தாஸ் ஒரு வழி விட்டார். பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று ஒத்திகையில் கமிட்டி கேட்கும். பிடித்தால் அவர், பிடிக்காவிட்டால் திருச்சி.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் மனைவி மரிய செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாய் சொல்லிட்டு வந்துருச்சு. உள்ள சரக்கு இருக்கா?"

இருக்கிறது என்றுதான் ஆரோக்கியமுத்து நினைத்தார்.

புதுக்கோட்டை டவுனில் பிரகதாம்பாள் என்று ஒரு வயலின் டீச்சர். நாற்பதை ஒட்டிய வயது. காலையும் மாலையும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம், முகூர்த்த நாட்களில் இன்னிசைக் குழுவில் வாசிப்பு. எத்தனையோ கல்யாணத்தில் அவருடைய வயலினுக்கு மைக் வைத்தவர் ஆரோக்கியமுத்து. உரிமையோடு ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். தாம் போட்ட முதல் மெட்டை வாசிக்கத் தொடங்கினார். பாதி வரி போயிருக்காது, டீச்சர் மீதிப் பாதியை வயலினில் வாசித்துவிட்டார்.

"அடுத்து இதுதானேண்ணே?"

"எப்படித் தெரியும்?"

"இந்தப் படம் வந்தப்ப நான் காலேஜு படிச்சுக்கிட்டு இருந்தேன்."

சரி, போகட்டும் என்று இரண்டாவதை எடுத்தார். அதற்கும் ஒரு படம் இருந்தது. மூன்றாவது, இரண்டு படங்களைச் சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்க வெட்டி ஒட்டியவர் மண்டைக்குள் வெட்டி ஒட்டியதுதானே இருக்கும்? ஆரோக்கியமுத்து ஹார்மோனியத்தின் துருத்தியை மூடிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன். நம்ம பாஸ்காவுல நீங்க கேட்ட அந்தச் சிலுவை வயலின் இருக்கே, அதைப் போட்டவரு சொந்தமாத்தான் போட்டாரா?"

"அது சுபபந்துவராளிண்ணே. சினிமாவுல யாரு செத்தாலும் அந்த ராகத்தைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

"அப்ப அவரும் எடுத்ததுதானே? என்னைய மட்டும் திருடங்கிறாய்ங்க."

"ராகத்தை எடுக்கறது திருட்டில்ல. ஊர்க் கெணத்துல யாரு வேணா தண்ணி எறைச்சுக்கலாம். அவரு தன் கொடத்துல எறைச்சாரு. நீங்க அந்தக் கொடத்தையே தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க."

ஆரோக்கியமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லையே என்றிருந்தது. அதே ராகத்தில் தன் குடத்தை வைத்து இறைப்பது என்று முடிவு செய்துவிட்டார். தவக்காலம் தொடங்குவதற்குள் ஒரு மெட்டு வந்தது. எங்கேயும் கேட்காத மெட்டு, சத்தியமாகச் சொந்த மெட்டு. டீச்சர் ஊருக்குப் போயிருந்த நாட்கள் அவை. ஆரோக்கியமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. தானே ஹார்மோனியத்தில் வாசித்து, சோபியாவிடம் யாருக்கும் தெரியாமல் இன்டர்நெட்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதே இங்கிலீசு அறிவிப்பு வந்தது. இந்த முறை அவர் பேர்கூடக் கேள்விப்படாத ஒரு படம்.

"நான் இந்தப் படத்தைப் பாக்கவே இல்ல தாயி" என்று மகளிடம் தலையில் கை வைத்துச் சொன்னார்.

டீச்சர் வந்ததும் போட்டுக் காட்டினார். கேட்டுவிட்டு டீச்சர் சிரித்த சிரிப்பில் வில் கை நழுவிக் கீழே விழுந்தது.

"அண்ணே, இது பழைய கீர்த்தனை ஒண்ணுல சரணத்துல வர்ற எடம். அந்தப் படத்துல அதை அப்படியே வச்சாங்க. இன்டர்நெட்டுல பாட்டைச் சோதிக்கிற மிசினுக்குப் படம்தான் தெரியும், கீர்த்தனை எங்க தெரியப் போவுது? நீங்க எங்க கேட்டீங்க?"

யோசித்துப் பார்த்தார். வாராவாரம் டீச்சர் வீட்டு முன்னறையில் காத்துக் கிடக்கும்போது உள்ளே பிள்ளைகள் பாடம் வாசித்தார்களே, அதுதான்.

"அப்ப நான் சினிமாவுல எடுக்கல. ஒங்க வீட்டுலதான் எடுத்துருக்கேன்."

"எங்க எடுத்தா என்னண்ணே, ஒங்களோடது இல்லையே" என்றார் டீச்சர் மெதுவாக.

ஆரோக்கியமுத்து பஸ் ஏறினார். தனக்குள் தன்னுடையது என்று ஒன்றுமே கிடையாதோ என்ற பயம் அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாக வந்தது.

ஆனாலும் விடவில்லை. டீச்சரும் கூட உட்கார்ந்தார். மற்ற காட்சிகளுக்கெல்லாம் மேளத்தையும் பறையையும் ஹார்மோனியத்தையும் வைத்து ஒப்பேற்றியாயிற்று. பெரிய வெள்ளியன்று கோவில் மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சாட்டையடிக்கு அந்தக் கட்டைச் சத்தத்தையே வைத்தார். கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. சிலுவைக் காட்சிக்கு மட்டும் மிகவும் ஜாக்கிரதையாக, எந்தப் படத்திலும் இடிக்காமல், ஒதுங்கி ஒதுங்கி ஒரு மெட்டு கட்டினார்கள். மிசின் ஒன்றும் சொல்லவில்லை. குருத்து ஞாயிறு சாயங்காலம் ஒத்திகையில் அதைப் போட்டார்.

ஆண்டவராக நடிக்கிற சார்லஸ், விராலிமலை பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன், சிலுவையில் ஏறி நின்று கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான். டீச்சரின் வயலின் ஒழுங்காக வந்தது, ஒழுங்காகப் போனது. ஒத்திகை பார்க்க வந்திருந்த பெண்கள் முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அழுகை வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் பொன்னுத்தாய்தான் எழுந்தார். "அந்த வயலின் எங்கப்பா? அது வராம எப்படி அழுறது?"

பாருங்கள் கூத்தை. தாம் திருடிக்கொண்டு வந்து வைத்ததே இப்போது தம் வழியில் கல்லாய்க் கிடந்தது. அருள்தாஸ் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"முயற்சி பண்ணுன ஆரோக்கியம், இல்லைங்கல. ஆனா சனம் அழல. நாளைக்குத் திருச்சிக்குப் போனைப் போட்டு, சிலுவைக் காட்சிக்கு ஒண்ணு வாங்கி வச்சுர்றேன். நீயே ஓட்டு. மத்ததெல்லாம் ஒன்னோடது, அது மட்டும் அவங்களோடது."

மற்றதெல்லாம் இருந்து என்ன? பாஸ்கா என்றால் சிலுவைதான். ஆரோக்கியமுத்து தலையை ஆட்டிவிட்டு ஒயரைச் சுருட்டினார்.

திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரம். மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் பெண்கள் செபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள். முன்னால் சொல்கிறவள் மரிய செல்வி. மைக்கில் இரைச்சல் வருகிறது என்று கூப்பிட்டதால் ஆரோக்கியமுத்து வேண்டாவெறுப்பாகப் போனார். ஹெட்போனை மாட்டி, மற்றதெல்லாம் அடங்கும்வரை சத்தத்தைக் குறைத்து, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று காதைத் தீட்டினார். சத்தம் குறையக் குறையச் சொற்கள் கரைந்துபோயின. மேலே ஏறுகிற ஒரு குரலும், கீழே இறங்குகிற பல குரல்களும் மட்டும் மிஞ்சின.

பிறந்ததிலிருந்து கேட்கிற செபம். அதில் ஒரு மெட்டு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் சொல்கிறவள் பாதியை ஏற்றி நிறுத்துவாள். மற்றவர்கள் மீதியை இழுத்து, நடுவில் ஒரு இடத்தில் தயங்கி, மெல்ல இறக்கி வைப்பார்கள். பக்கத்து ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். இப்படித் தயங்கி இறக்குவது சவேரியார்பட்டிக்காரர்கள் மட்டும்தான். வாக்கப்பட்டு வருகிற பெண்கள்கூட ஒரு வருசத்தில் இந்த இழுப்புக்கு மாறிவிடுவார்கள். யாரும் கட்டிய மெட்டு இல்லை. வயல் வேலை முடித்துக் களைத்து வந்து முட்டிபோட்டவர்கள் வாயில் தானாக விளைந்தது.

இரைச்சல் எப்போதோ நின்றுவிட்டது. ஆரோக்கியமுத்து நகரவில்லை. செபம் முடிந்து எழுந்த மரிய செல்வி, "என்னங்க, கண்ணெல்லாம் கலங்கிருக்கு?" என்றாள்.

"இன்னொருக்கா சொல்லு செல்வி. கொஞ்சம் சொல்லு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டீச்சர் வீட்டில் நின்றார். பாடிக் காட்டினார். டீச்சர் வயலினில் எடுத்து, கச்சேரிப் பழக்கத்தில் ஒரு குழைவு குழைத்தார்.

"வேணாம் டீச்சர். நகையெல்லாம் வேணாம். முட்டி வலிக்குது, ஆனா எந்திரிக்கக் கூடாது. அப்படி வாசிங்க."

டீச்சர் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வில்லை இறுக்கிப் பிடிக்காமல் வாசித்தார்.

"அண்ணே, இது நாதநாமக்கிரியைக்குப் பக்கத்துல வந்து உக்காருது. அதேதான்னு சொல்ல மாட்டேன். பக்கத்துல. அந்த ராகமே கிராமத்துல இருந்து கச்சேரிக்கு ஏறி வந்ததுன்னு எங்க குரு சொல்லுவாங்க."

"அப்ப ஊருல இருந்து கச்சேரிக்குப் போயி, கச்சேரியில இருந்து சினிமாவுக்குப் போயி, சினிமாவுல இருந்து நான் எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்துருக்கேன்."

"சுத்துப் பாதை" என்று சிரித்தார் டீச்சர். "இப்ப நேர் பாதையில வந்துட்டீங்க. ஏறற பாதி இருக்கு. இறங்கற பாதியை ஏன் காலியா விட்டுருக்கீங்க? அங்க நான் என்ன வாசிக்கணும்?"

"தெரியல டீச்சர். அங்க எதை வச்சாலும் ஒட்ட மாட்டேங்குது. ஹார்மோனியத்துல ஒத்தைச் சுருதியை மட்டும் புடிச்சுக்கிறேன். காலியாவே இருக்கட்டும்."

பெரிய வெள்ளி வந்தது. வெயில் தணியுமுன்னே மைதானம் நிரம்பிவிட்டது. குன்றாண்டார்கோவில் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆரோக்கியமுத்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அருள்தாஸ் உட்கார்ந்திருந்தார். திருச்சியிலிருந்து வந்த பென்டிரைவ் மிக்சர் மேல் தயாராக இருந்தது. புது மெட்டைச் சொல்லி ஆரோக்கியமுத்து இன்னொரு வாய்ப்புக் கேட்டிருந்தார்.

"டீச்சர் வாசிக்கட்டும். சனம் ஒட்டலைன்னு தெரிஞ்சா நான் சொல்லுவேன், ஒடனே இதை மாத்திரணும். சரியா?"

"சரிங்க சார்."

யூதாஸ் வந்தபோது பறை ஒரே ஒரு அடிதான். சாட்டையடிக்கு மரக்கட்டை தட்டியபோதே கூட்டம் அடங்கிவிட்டது. ஆரோக்கியமுத்துவின் கைகள் அவற்றுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. சிலுவை எழும்பியது. சார்லஸின் தலை சாய்ந்தது. டீச்சர் வில்லை வைத்தார்.

மெட்டு ஏறி நின்றது. காலியான இடம் வந்தது. ஆரோக்கியமுத்து ஒரு கையால் சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் அழவில்லை. அருள்தாஸின் கை பென்டிரைவ் பக்கம் நகர்ந்தது. டீச்சர் மறுபடி வாசித்தார். மறுபடி காலியான இடம். இதற்கு மேல் ஆகாது, போச்சு என்று ஆரோக்கியமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் முறை மெட்டு ஏறி நின்றபோது, முன்வரிசையிலிருந்து கரகரத்த ஒரு குரல் மீதிச் செபத்தைச் சொல்லி இறக்கியது. பொன்னுத்தாய். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஏறிய பாதியைக் கேட்டால் இறங்குகிற பாதியைச் சொல்லிப் பழகிய வாய். அடுத்த முறை அவர் வரிசை முழுக்கச் சொன்னது. அதற்கடுத்த முறை மைதானமே சொன்னது. ஆணும் பெண்ணும், நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும், ரோமைச் சேவகன் வேசத்தில் ஈட்டியோடு நின்ற பையன்கள் உட்பட. வயலின் ஏற்றும், ஊர் இறக்கும். நடுவில் அந்தத் தயக்கம் வரும்போது அத்தனை பேரும் சேர்ந்து தயங்கினார்கள். ஆரோக்கியமுத்து வாழ்க்கையில் அப்படி ஒரு இசையைக் கேட்டதில்லை. நான் போட்டது, எங்கள் ஊர் போட்டது என்று நெஞ்சு கத்தியது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அருள்தாஸ் எழுந்து நின்று, கண்ணை மூடி, கைகளைக் கூப்பிச் செபத்தை இறக்கிக்கொண்டிருந்தார். பென்டிரைவ் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. எப்போது எடுத்துப் போட்டுக்கொண்டாரோ, அவருக்கே தெரிந்திருக்காது.

மேடைக்கு அங்கிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சோபியா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். சத்தம் போகவில்லை. எந்த அறிவிப்பும் வரவில்லை. குவைத்தில் ஒரு அறையில் கூடியிருந்தவர்கள், இங்கே ஏறியதற்கு அங்கே இறக்கிக்கொண்டிருந்ததை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை மரிய செல்வி இன்னும் போனில் வைத்திருக்கிறாள். தானே போட்ட மெட்டு மாதிரி பார்க்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள். முதல் பாதி அவள் குரலிலிருந்து எடுத்ததுதானே, பெருமை இருக்காதா?

எல்லாம் முடிந்து ஒயர் சுருட்டும்போது பொன்னுத்தாய் வந்தார். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"அழுதீங்களா சின்னாத்தா?"

"அழ எங்கப்பா நேரம்? செபம்ல சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றவர், மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்.

ஈஸ்டருக்கு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஆரோக்கியமுத்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அருள்தாஸ் டீ டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"மியூசிக் டைரக்டர், டீ சாப்புடுங்க."

இந்த முறையும் எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியமுத்துவும் சேர்ந்து சிரித்தார். திருட்டு என்ற சொல் அந்த டீயோடு இறங்கிவிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட அவருக்குப் போதும். ஆனால் வைகாசியில் ஒன்று நடந்தது. கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோவில் திருவிழா. அங்கே மைக் செட் போட்டிருந்த அய்யப்பன் என்கிற பையனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் அவசரமாக வேண்டியிருந்தது. ஆரோக்கியமுத்து மரிய செல்வியையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் கொண்டு போய்க் கொடுத்தார். மேடையில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. செத்துக் கிடக்கிற மகனைத் தாய் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அய்யப்பன் பொத்தானைத் தட்டினான். டீச்சரின் வயலின் வந்தது, பாஸ்கா நேரலையில் ஊர் வாய் திறப்பதற்கு முந்தின துண்டு. ஏறி நின்றது.

மரிய செல்வி கணவனின் தோளைப் பிடித்து அமுக்கினாள். அய்யப்பன், மெட்டு நின்றுவிட்டது என்று நினைத்துச் சத்தத்தைக் குறைக்கப் போனான்.

"கொறைக்காத தம்பி. அந்த எடத்தை அப்படியே விடு."

விட்டான். காலியான இடத்தில், மடியில் மகனைப் போட்டிருந்தவள் தன் ஒப்பாரியில் ஒரு வரியை இறக்கினாள். அதற்கென்றே செய்து வைத்த மாதிரி பொருந்தியது. கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை எடுத்தார்கள்.

"நல்ல மியூசிக்கா இருக்கே, எங்க புடிச்ச?" என்று கேட்டார் ஆரோக்கியமுத்து.

"பென்டிரைவ்ல யாரோ ஏத்திக் குடுத்தாய்ங்கண்ணே. எந்தப் படம்னுதான் தெரியல. பெரிய மியூசிக் டைரக்டர் யாராவது போட்டதா இருக்கும்."

"படம் இல்ல தம்பி. நான் போட்டது."

அய்யப்பன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "போங்கண்ணே. இது சினிமா. கேட்டாலே தெரியலையா?"

ஆரோக்கியமுத்து அதற்கு மேல் வாதாடவில்லை. இதைவிடப் பெரிய பட்டம் அவருக்கு யார் கொடுக்க முடியும்? வண்டியில் வரும் வழியெல்லாம் மரிய செல்வி பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் மட்டும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். மறுநாள் காலை மீன் கூடையோடு வந்த பொன்னுத்தாயிடம் அவள் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

பொன்னுத்தாய் கூடையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நம்ம பாஸ்கா பாட்ட எடுத்துட்டாய்ங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல ஆரோக்கியம்? நீதான் கேக்கல."

"ஆமா சின்னாத்தா" என்றார் ஆரோக்கியமுத்து, இந்த முறை சிரிப்பை விழுங்காமல். "எடுத்துட்டாய்ங்க."